ஒற்றை ரேமும் திணறும் கேமும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன், மே மாத விடுமுறையில் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சித்தி, எஃப்பிஎஸ் 60 என்றுதான் காட்டுகிறது. ஆனால் விட்டுவிட்டு நிற்கிறது" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு வளைவில் திரும்பியதும் காட்சி ஒரு கணம் உறைகிறது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. மூலையில் இருக்கும் எண் (எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் அல்லது படம் என்ற கணக்கு) மட்டும் 60 என்றே நிற்கிறது.

ஒரு கடையில் அவனுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். 8 ஜிபி ரேமை 16 ஜிபி ஆக்கினால் கிராபிக்ஸ் நினைவகமும் 4 ஜிபியிலிருந்து 12 ஜிபி ஆகிவிடும் என்று. அதற்குச் சான்றாக விண்டோஸின் டாஸ்க் மேனேஜரையே திறந்து காட்டினார்களாம். யோசனையின் முதல் பாதி நல்ல அறிவுரை. இரண்டாம் பாதி தவறு. இந்தத் தவறை நம்பித்தான் பலர் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

அவன் வைத்திருந்தது நம் ஊரில் மாணவர்கள் பரவலாக வாங்கும் வகை: ஏஎம்டி ரைசன் 5 5600ஹெச் செயலி, 4 ஜிபி நினைவகத்தோடு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ், 8 ஜிபி டிடிஆர்4 (டிடிஆர் வகையின் நான்காம் தலைமுறை) ரேம். அந்த 8 ஜிபியும் ஒரே ஸ்டிக்காக, அதாவது சிப்புகள் பதித்த ஒரே சிறு பலகையாக இருந்தது. இரண்டாவது ஸ்லாட் காலி.

ரேம் என்பது உள்ளே என்ன? ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். நிரப்பிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4 ரேமில் 64 மில்லிவிநாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். 8 ஜிபி என்றால் சுமார் 6,870 கோடிக் குடங்கள். இந்த எளிய அமைப்பை உருவாக்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். காப்புரிமை 1968இல் கிடைத்தது. அவர் பெயர் கட்டுரையின் பிற்பகுதியில் இன்னொரு காரணத்துக்காகவும் வரும்.

ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் 3200 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது வழக்கம். உண்மையில் கடிகாரத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு போகிறது, ஆகவே விநாடிக்கு 320 கோடி தடவை. ஒவ்வொரு தடவையும் 64 பிட், அதாவது 8 பைட். பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிபி. இது ஒரு ஸ்டிக்கின் உச்சவரம்பு. செயலியிடம் இப்படிப்பட்ட வாசல்கள் இரண்டு இருக்கின்றன. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு வாசல் பூட்டியே கிடக்கும். இரண்டாவது ஸ்டிக் போட்ட அன்றே வரம்பு 51.2 ஜிபி ஆகிவிடுகிறது. டூயல் சேனல் என்பது இதுதான். டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றுக்குள் இரண்டு துணை வழிகள் இருப்பதால் அது ஒன்றே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தத் துணை வழிகள் ஒவ்வொன்றும் 32 பிட் அகலம்தான். கூட்டினால் பழைய 64 பிட்டே.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது வேறொரு கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு முன் வழக்கில் இருந்த டிடிஆர்-400 ரேமில், குடங்களின் வரிசை ஏற்கெனவே திறந்திருக்கும்போது கேட்ட தரவின் முதல் துளி வர மூன்று துடிப்புகள் ஆயின. 15 நானோவிநாடி. இன்றைய டிடிஆர்4-3200 லேப்டாப் ரேமில் 22 துடிப்புகள் ஆகின்றன. 13.75 நானோவிநாடி. டிடிஆர்5-4800இல் 40 துடிப்புகள், ஏறத்தாழ 16.7 நானோவிநாடி. காத்திருக்கும் நேரம் குறையவே இல்லை. குழாயைத் திறந்ததும் கொட்டும் நீரின் அளவுதான் பெருகியிருக்கிறது. ஆகவே புதிய தலைமுறை ரேம் எல்லாவற்றையும் வேகமாக்கிவிடும் என்று எண்ணிவிட முடியாது.

அப்படியானால் கார் வளைவில் ஏன் உறைந்தது?

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி. கைநீட்டினால் கடுகு, சீரகம். அது செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ். சுவர் அலமாரிதான் ரேம். அலமாரி நிறைந்துவிட்டால் சில டப்பாக்களைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். பரண் என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி. ரேமிலிருந்து தரவு எடுக்கச் சுமார் நூறு நானோவிநாடி ஆகிறது என்றால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல்லாயிரம் நானோவிநாடிகள் ஆகும். நூற்றுக்கணக்கான மடங்கு தூரம். விண்டோஸ், உலாவி, கேம் எல்லாம் சேர்ந்து 8 ஜிபியைத் தாண்டியதும் விண்டோஸ் சில பக்கங்களை (ரேமில் இருக்கும் தரவுத் துண்டுகளை) பரணுக்கு அனுப்பிவிடுகிறது. கார் புதிய தெருவுக்குள் நுழையும்போது அந்தப் பக்கங்கள் தேவைப்படுகின்றன. ஏணி போட்டு ஏறி இறங்கும்வரை அடுப்பு சும்மா எரிகிறது.

இதையும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் ஆளுக்கு 15 மில்லிவிநாடியில் வருகின்றன. மொத்தம் 885. அறுபதாவது ஃபிரேம் மட்டும் 115 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் சரியாக ஆயிரம். ஒரு விநாடியில் 60 ஃபிரேம். மூலையில் இருக்கும் எண் பொய் சொல்லவில்லை. அது கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் கண் சராசரியைப் பார்ப்பதில்லை, அந்த 115ஐத்தான் பார்க்கிறது. 2011இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் ஸ்காட் வாசன் இதை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று எழுதினார். கிராபிக்ஸ் சோதனைகள் செய்யப்படும் முறையையே மாற்றிய கட்டுரை அது. இன்று மதிப்புரைகளில் '1% லோ' என்று ஓர் எண் வருகிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் நிலையை அது சொல்கிறது. சராசரியைவிட இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரே தெருவில் மூன்று முறை ஓட்டிப் பதிந்தோம். வரைபடத்தில் தாழ்வான புல்வெளி, நடுநடுவே பனைமரங்கள். ஒவ்வொரு பனைமரமும் ஓர் உறைவு. அதே நேரம் டாஸ்க் மேனேஜரில் ரேம் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றது. ஆகவே ரேம் வாங்கச் சொன்னேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. டிடிஆர்4 லேப்டாப் ரேமில் 260 முனைகள், டிடிஆர்5இல் 262. நடுப்பள்ளமும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. 3200, 2666 என்று கலந்து போட்டால் இரண்டும் 2666இல்தான் ஓடும். கேமிங் ரேம் என்று விற்கும் சில ஸ்டிக்குகள் தமக்கென்று ஒரு தனி அமைப்பை இயக்கினால் மட்டுமே 3200ஐ எட்டும். பல லேப்டாப்புகளின் பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருளில்) அந்த அமைப்பே இருக்காது. ஆகவே 1.2 வோல்டில் இயல்பாகவே 3200 தரும் சாதாரண ஸ்டிக்கே நல்லது. இன்னொன்று, 8 ஜிபி ஸ்டிக்கில் நான்கு சிப் இருக்கிறதா எட்டு சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு சிப் வகையில் உள்ளறைத் தொகுதிகள் பாதிதான். ஓர் அறை நிரப்பப்படும்போது இன்னொன்றிலிருந்து எடுக்கும் வாய்ப்பு குறைகிறது. டிடிஆர்4இல் இந்த வேறுபாடு சில கேம்களில் தெளிவாகவே தெரியும்.

பொருத்துவது பத்து நிமிட வேலை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கிகளும் பிடிக்கும்வரை அழுத்தினால் போதும். முதல்முறை இயக்கும்போது திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும். புதிய ரேமின் மின் சமிக்ஞைகளுக்கு ஏற்பச் செயலி தன்னைப் பழக்கிக்கொள்கிறது. டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தி அணைக்கக் கூடாது.

பொருத்தி முடித்ததும் அதே தெருவில் ஓட்டினோம். சராசரி கொஞ்சம்தான் ஏறியது. பனைமரங்கள் ஏறக்குறைய காணாமல் போயின. அக்கா மகன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிறைவு.

இனி அந்த 12 ஜிபிக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் இப்போது 'ஜிபியு நினைவகம் 12 ஜிபி' என்று இருந்தது. கிராபிக்ஸ் சிப்புக்கே உரியது 4. மீதி 8 'பகிர்ந்த நினைவகம்'. மொத்த ரேமில் பாதியைத் தேவைப்பட்டால் கிராபிக்ஸுக்குக் கடனாகத் தரலாம் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் எண் அது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050 தன் சொந்த ஜிடிடிஆர்6 நினைவகத்தோடு விநாடிக்கு 190 ஜிபி அளவில் பேசுகிறது. ரேமை அடைய வேண்டுமென்றால் பிசிஐஇ என்னும் சந்து வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சந்தில், தலைமுறையைப் பொறுத்து, ஒரு திசையில் விநாடிக்கு 8 அல்லது 16 ஜிபிதான் போக முடியும். கல்யாண மண்டபத்துச் சமையற்கூடத்தில் அரிசி தீர்ந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து படிபடியாக அளந்து வாங்கிப் பந்தி நடத்துவது போன்றது அது. பக்கத்து வீட்டில் எத்தனை மூட்டை இருந்தாலும் இலை காத்துக்கொண்டிருக்கும். ஆகவே டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) அமைப்பை ஒரு படி இறக்கி, எல்லாம் 4 ஜிபிக்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்வதே வழி.

கடைக்காரர் சொன்னது வேறொரு லேப்டாப்புக்குப் பொருந்தும். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாமல் செயலிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால், அதற்கு ரேமைவிட்டால் வேறு நினைவகம் கிடையாது. அங்கே இரண்டாவது ஸ்டிக் பெரிய மாற்றத்தைத் தரும். இன்டெல் இதைப் பெயரிலேயே காட்டியது. ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் கொண்ட செயலியில் ஒரே ஸ்டிக் போட்டால் விண்டோஸ் அதை வெறும் 'யுஹெச்டி' என்று காட்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டதும் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும்.

தனி சிப் உள்ள லேப்டாப்பிலும் ரேமுக்கு ஒரு மறைமுகப் பங்கு உண்டு. பெரும்பாலானவற்றில் திரையோடு நேரடியாக இணைந்திருப்பது செயலிக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸ்தான். பெரிய சிப் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் ரேமுக்கு நகலெடுக்கப்பட்டு அங்கிருந்து திரைக்குப் போகிறது. முழு ஹெச்டி ஃபிரேம் ஒன்று 8.3 எம்பி. விநாடிக்கு 144 என்றால் 1.2 ஜிபி. எழுதுவதற்கு ஒரு முறை, படிப்பதற்கு ஒரு முறை. பெரிய சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் உள்ள லேப்டாப்பில் இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம்.

கிராபிக்ஸ் திறனைப் பெயரை வைத்து மதிப்பிடுவதில்தான் மக்கள் மிகுதியாக ஏமாறுகிறார்கள். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கணிப்புக் கருக்கள், 450 வாட். அதே எண்ணைத் தாங்கிய லேப்டாப் சிப்பில் 9,728 கருக்கள். அது வேறொரு சிப். இன்னும் கவலைக்குரியது, ஒரே பெயருக்குள் இருக்கும் இடைவெளி. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் ஒதுக்க என்விடியா இடம் தருகிறது. மெலிந்த உடலுக்குள் வைத்த 4060ம், தடித்த உடலுக்குள் வைத்த 4060ம் ஒன்றல்ல. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதியைத் திறந்தால் உங்கள் சிப்பின் உச்ச வாட் அளவு இருக்கும். வாங்குமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மறுபடியும் டென்னார்ட். 1974இல் அவரும் உடன்பணியாளர்களும் எழுதிய ஆய்வுரையில் ஒரு விதி இருந்தது. டிரான்சிஸ்டரைச் சுருக்கச் சுருக்க அதற்கு வேண்டிய வோல்டேஜும் குறையும், ஆகவே சதுர மில்லிமீட்டருக்கு வெளியாகும் வெப்பம் மாறாது. முப்பது ஆண்டுகள் கணினித் துறை அந்த விதியின் நிழலில் வளர்ந்தது. 2005ஐ ஒட்டி அது முறிந்துபோனது. டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கியதால் வோல்டேஜை மேலும் குறைக்க முடியவில்லை. அன்றிலிருந்து சிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது, எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்பதே. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருப்பதால், வாட்டை இரட்டிப்பாக்கினாலும் ஃபிரேம்கள் இரட்டிப்பாவதில்லை. 60இலிருந்து 80க்கு ஏறும்போது கிடைக்கும் பலன் 95இலிருந்து 115க்கு ஏறும்போது கிடைக்காது.

அதனால் சோதனையை எங்கே, எப்போது செய்கிறோம் என்பதும் கணக்கில் வரும். குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த எண், மே மாதச் சென்னையில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் நிற்காது. ஒரே வாட்டில் ஓடும் சிப், சுற்றுக்காற்றைவிட ஏறத்தாழ ஒரே அளவு டிகிரி அதிகமாகவே இருக்கும். காற்று 25 டிகிரியிலிருந்து 38 ஆனால் சிப்பும் 13 டிகிரி ஏறும். வரம்பைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சார்ஜரைச் செருகி, குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிய பிறகு வரும் எண்ணே உங்கள் லேப்டாப்பின் எண்.

தடை எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ரெசல்யூஷனை, அதாவது திரையில் வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். ஃபிரேம்கள் தாவி ஏறினால் கிராபிக்ஸ் சிப்தான் திணறிக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றால் செயலியோ ரேமோதான் காரணம்.

இப்போது வரும் மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கம்பி நீளம் குறைந்தால் சமிக்ஞை தெளிவாகும், மின்செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய அன்று இருந்த அளவே கடைசிவரை. இதற்கு மாற்றாக 2023 டிசம்பரில், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேம்2 (CAMM2) என்ற தரத்தை வெளியிட்டது. அதில் ரேம் தட்டையாகப் பலகைமேல் படுத்து, திருகால் இறுக்கப்படுகிறது. கழற்றி மாற்றலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த எல்பிகேம்2 (LPCAMM2) அட்டை 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 மாதிரியில் விற்பனைக்கு வந்தது. அந்த ஒரே அட்டையின் அகலம் 128 பிட். இரண்டு வாசல்களும் பிறக்கும்போதே திறந்திருக்கும்.