வளர்ப்புப் பிள்ளை எடுக்க நினைக்கிறவங்க முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது

தத்து எடுக்கிறதும் ஃபோஸ்டர் கேரும் ஒன்னுதான்னு நம்மாளுங்க நிறைய பேரு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. தத்துன்னா பிள்ளை நிரந்தரமா உங்க வீட்டுப் பிள்ளை. ஃபோஸ்டர், அதாவது ஜேகேஎம் (மலேசிய சமூக நல இலாகா) ஆபீஸ்ல அனாக் பெலிஹாரான்னு சொல்றது, ஒரு காலத்துக்குத்தான்.

மலேசியாவோட 2001 சிறார் சட்டம் என்ன சொல்லுதுன்னா, பெத்தவங்களோ கார்டியனோ இல்லாத பிள்ளை, இல்ல விட்டுட்டுப் போயிட்ட பிள்ளைய கோர்ட்டு ஒரு குடும்பத்துக்கிட்ட ஒப்படைக்கலாம், ஆனா அந்தக் குடும்பம் சரிப்பட்டு வரும்னு ஜேகேஎம் முதல்ல ஒத்துக்கணும். 2 வருஷம், இல்ல பிள்ளைக்கு 18 வயசு ஆகுற வரைக்கும், இதுல எது முன்ன வருதோ அதுவரைக்கும்தான் ஆர்டர். அந்தக் காலத்துக்குள்ள பெத்தவங்க யாரும் தேடி வரலன்னா நீங்களே தத்துக்கு மனு போடலாம்.

பிள்ளைக்கு என்ன நல்லதுன்னு கேட்டா, வீடுதாங்க. செந்தூல்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா வீட்டுக்கு வந்த பையன் ரொம்ப நாளைக்கு ஃபிரிட்ஜ் கதவத் தொடுறதுக்கு முன்னாடி "ஆன்ட்டி தொறக்கலாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான், அவன் முன்ன இருந்த பிள்ளைங்க ஹோம்ல அத்தன பேருக்கும் மணி அடிச்சா சாப்பாடு, பசிச்சா தானா எடுத்துச் சாப்பிடலாம்ங்கிறதே அவனுக்குத் தெரியல. ஹோம்ல உள்ளவங்க நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, ஆனா ஷிஃப்ட் மாறி மாறி வர்ற ஆளுங்களும் ராத்திரி காய்ச்சல்ல பக்கத்துல படுத்துக்கிற ஒரே ஆளும் ஒன்னாக முடியுமா சொல்லுங்க.

கஷ்டமும் இருக்கு. பாசம் வச்சி வளத்த பிறகு பெத்தவங்க வந்து கேட்டா, கோர்ட்டு சரின்னுட்டா திருப்பிக் குடுக்கணும், அழுதாலும் குடுக்கணும். பிள்ளையும் மனசு உடைஞ்சி போகும், ஏற்கனவே ஒரு தடவ வீட்ட இழந்த பிள்ளை அது. உங்க சொந்தப் பிள்ளைங்களும் "இவன் யாரு, எவ்ளோ நாளு இருப்பான்"னு கேப்பாங்க, அதுக்கு நேர்மையா பதில் சொல்லியே ஆகணும். ஆபரேஷன், வெளிநாட்டுப் பயணம் மாதிரி பெரிய விஷயம்னா நீங்களா முடிவு பண்ணாம அதிகாரிகிட்ட முன்கூட்டியே கேட்டுடுங்க. குழந்தை இல்லாததால வாரிசு வேணும்னு தேடுறவங்க ஃபோஸ்டருக்குப் போகாதீங்க, நேரா தத்துக்கே போங்க, அதுதான் உங்களுக்கும் பிள்ளைக்கும் நல்லது.

இன்னொன்னு, நம்ம பக்கம் அடிக்கடி நடக்குறது. கூட வேலை செஞ்ச பொண்ணு பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டா, பாவம்னு வச்சிக்கிட்டோம்னு சொல்லுவாங்க. நல்ல மனசுதான், ஆனா அதே சட்டப்படி ஒரு வாரத்துக்குள்ள ஜேகேஎம் பாதுகாவலர்கிட்ட, அதாவது பிள்ளைங்க விஷயத்தப் பாக்குற அதிகாரிகிட்ட தெரிவிக்கணும், பிள்ளைய எடுத்தவங்களும் சொல்லணும் குடுத்தவங்களும் சொல்லணும். சும்மா விட்டா பள்ளிக்கூடம் சேர்க்கிறப்பவோ 12 வயசுல ஐசி (அடையாள அட்டை) எடுக்கிறப்பவோ மாட்டிக்கிட்டு முழிக்கிறது அந்தப் பிள்ளைதான். அதனால சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இருக்கா, அதுல குடியுரிமை என்ன போட்டிருக்குன்னு மொத நாளே பாருங்க.

கேஎல்லோ பினாங்கோ, உங்க மாவட்ட ஜேகேஎம் ஆபீஸ்லயே நேரா கேக்கலாம், இல்லன்னா தாலியான் காசே உதவி எண் 15999க்கு போன் அடிங்க.