ஒரு வௌவாலுக்கு ஒரு பை

அர்ஜென்டினாவும் பிரேசிலும் சந்திக்கும் இகுவாசு அருவியைச் சுற்றி, இரு நாடுகளிலும் தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அர்ஜென்டினா பக்கம் 1934இலும் பிரேசில் பக்கம் 1939இலும் அறிவிக்கப்பட்டவை. அட்லாண்டிக் மழைக்காட்டில் கோடரிக்குத் தப்பி மிஞ்சிய பெரிய துண்டுகளில் இதுவும் ஒன்று. இங்கே இருட்டும் நேரத்தில் வலை கட்டினால் அடிக்கடி விழுவது கரோலியா பெர்ஸ்பிசில்லாட்டா என்ற சிறு வௌவால். எடை 15 முதல் 20 கிராம். மிளகுக் குடும்பச் செடிகளின் பழங்கள்தான் இதற்குப் பிடித்த தீனி. நம் திப்பிலியைப் போலவே கதிர் கதிராக நிற்கும் பழங்கள் அவை.

பிடித்த வௌவாலின் இறக்கையைத் தலைவிளக்கின் ஒளியில் விரித்தால், சவ்வின் மேல் பழுப்பாக, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவில் ஒன்று நகர்வது தெரியும். பேன் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஈ. பெயர் ட்ரைக்கோபியஸ் ஜாப்லிங்கி. மார்பு முடியை ஈரத் தூரிகையால் விலக்கினால் வேறொரு ஈ கிடைக்கும்: ஸ்ட்ரெப்ளா குவாஹிரோ. தட்டையான உடம்பு, தலையின் பின்விளிம்பில் சீப்பு போல் வரிசையாக விறைத்த முட்கள். முடிகளுக்கு இடையே நீந்துவது போல் நழுவி ஓடும். அதே முடியின் மேற்பரப்பில் நீண்ட கால்களை ஊன்றி விரைவது மூன்றாவது ஈ, ஸ்பைசீரியா அம்பிகுவா. சவ்வு ஒன்றுக்கு, முடியின் உள்பக்கம் ஒன்றுக்கு, முடியின் மேல்பக்கம் ஒன்றுக்கு. இருபது கிராம்கூட இல்லாத ஓர் உடம்பை மூன்று இனங்கள் பாகம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. ஒரு காட்டில் எத்தனை உயிரினங்கள் உண்டு என்று கணக்கெடுக்கும்போது வௌவாலை மட்டும் எண்ணிவிட்டு விடுவது எவ்வளவு பெரிய குறை என்பது இந்த ஒரு கைப்பிடியிலேயே புரிந்துவிடும்.

இவை ஸ்ட்ரெப்ளிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. உறவு முறை நமக்கும் பழக்கமானதுதான். தெருநாயின் கழுத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் ஓடி, விரலால் நசுக்கினாலும் சாகாமல் நழுவும் ஈயைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஆப்பிரிக்காவின் செட்சி ஈயும் வௌவால் ஈயும் ஒரே பெருங்குடும்பம். இந்தக் கூட்டத்தில் தாய் ஈ முட்டையிடுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு புழு. அது தாயின் வயிற்றுக்குள்ளேயே பால் சுரப்பிகளின் சத்தைக் குடித்து மூன்று பருவமும் வளர்ந்துவிடும். முழுதாக வளர்ந்த பிறகுதான் வெளியே வரும். இவற்றின் ஒரே உணவான ரத்தத்தில் பி வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையை ஈயின் உடலுக்குள் வாழ்ந்து, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பாக்டீரியாக்கள் ஈடுகட்டுவதாகக் கருதப்படுகிறது.

அந்தப் புழுவை எங்கே இடுகிறது என்பதில்தான் இந்த ஈயின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. வௌவாலின் மேல் இட்டால் அது நக்கித் தின்றுவிடும். உடம்பைச் சுத்தம் செய்யும் வௌவாலின் பல்லும் நாக்குமே இந்த ஈக்களுக்குப் பெரிய எமன். ஆகவே தாய் ஈ வௌவாலை விட்டு இறங்கி, மரப்பொந்தின் அல்லது குகையின் சுவரில் புழுவை ஒட்டிவிட்டுத் திரும்பி ஏறும். புழுவின் தோல் உடனே இறுகிக் கூடாகிவிடும். மூன்று, நான்கு வாரத்தில் உள்ளிருந்து வளர்ந்த ஈ வரும். வந்த ஈ ஓரிரு நாளுக்குள் வௌவாலைப் பிடித்து ரத்தம் குடிக்காவிட்டால் செத்துப்போகும்.

இந்த மூன்று, நான்கு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தாமாக விளங்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே குகையில் தங்கும் வௌவாலுக்கு ஈ அதிகம், ஏனென்றால் கூடு வெடிக்கும்போது வௌவால் அங்கேயே இருக்கும். வாழையிலை மாதிரியான பெரிய இலைகளை மடித்துக் கூடாரமாக்கி, சில நாளில் வேறு இலைக்கு மாறும் வௌவாலுக்கு ஈ குறைவு. ஈ பிறக்கும் நேரத்தில் இலை வாடியிருக்கும், வௌவால் போயிருக்கும். 1960களில் வெனிசுவேலாவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் திரட்டிய பெரிய சேகரிப்பை வைத்து, பேட்டர்சன், டிக், டிட்மர் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார்கள். பொந்து விழுந்த முதுமரங்களை வெட்டிவிட்ட காட்டில் வௌவால்கள் மாற்றிடம் தேடி ஒருவேளை பிழைத்துக்கொள்ளலாம். பழைய பொந்தின் சுவரில் ஒட்டியிருக்கும் கூடுகளுக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது, என் பார்வையில் இத்துறையின் மிக அழகான புதிர். ஒரே குகையில் நான்கைந்து இன வௌவால்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஈக்களுக்கோ இறக்கை இருக்கிறது, யார் மேல் வேண்டுமானாலும் ஏறலாம். அப்படியிருந்தும் பெரும்பாலான ஈ இனங்கள் ஒரே வௌவால் இனத்திலோ, அதன் நெருங்கிய உறவிலோதான் வாழ்கின்றன. வேறு வௌவாலின் உடல் எதிர்ப்பு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வேறு வௌவாலின் மேல் தன் இனத்துத் துணை கிடைக்காது என்பதும் காரணமாகலாம்.

ஆனால் பழைய பதிவுகள் சிலவற்றைப் புரட்டினால் ஒரே ஈ பத்து வௌவால் இனங்களில் கிடைத்ததாக இருக்கும். ஈ அப்படி அலைந்தது பெரும்பாலும் காட்டில் அல்ல, பைக்குள். பிடித்த வௌவால்களை ஒரே பையில் சேர்த்துப் போட்டால் கலவரத்தில் ஈக்கள் மாறி ஏறிவிடும். ஒன்றை எடுத்துவிட்டு அதே பையில் அடுத்ததைப் போட்டாலும், தையல் மடிப்பில் ஒளிந்திருந்த ஈ புது வௌவாலுக்குப் போய்விடும். பைகளைத் தனித்தனியாக வைத்து எடுத்த சேகரிப்புகளில் ஒழுங்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. இத்தனை பெரிய உயிரியல் கேள்விக்கான விடை ஒரு பருத்திப் பையின் சுத்தத்தில் தொங்குகிறது.

அதனால் ஈ சேகரிக்கும் வேலையின் முறை கண்டிப்பானது. முன்கூட்டியே அனுமதி வேண்டும். பிரேசிலின் தேசியப் பூங்காக்களில் இது சிஸ்பியோ என்ற இணைய அமைப்பின் வழியாகக் கிடைக்கிறது. வௌவாலைத் தொடுபவர் அனைவரும் ரேபிஸ் தடுப்பூசியை முன்பே போட்டிருக்க வேண்டும், தோல் கையுறை கட்டாயம். 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரமுள்ள மெல்லிய மிஸ்ட் நெட் வலைகளைப் பாதைகளுக்குக் குறுக்கே கட்டி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தாமதித்தால் வௌவால் திமிறும், ஈக்கள் பறந்துவிடும், வௌவாலுக்கும் ஆபத்து. மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். முழுநிலவு இரவுகளில் பல இனங்கள் வெளியே வரத் தயங்குவதால் அந்த நாட்களின் எண்ணிக்கையை மற்ற நாட்களோடு ஒப்பிடக் கூடாது.

வலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு வௌவாலும் துவைத்து உலர்த்திய தனிப் பைக்குள் போக வேண்டும். ஓர் இரவுக்கு முப்பது, நாற்பது பைகளாவது கையில் இருக்கட்டும். ஈயை எடுக்க, ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையின் நுனி போதும். பட்டதும் ஈ மயங்கி ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் காலும் முடிகளும் ஒடியும், இனம் காண உதவுவதே அவைதான். வௌவாலின் கண்ணிலும் வாயிலும் ஆல்கஹால் படக் கூடாது. கர்ப்பமாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருப்பவற்றை முதலில் பார்த்து விட்டுவிட வேண்டும். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பித் தையல்களைத் தேட வேண்டும். அங்கே கிடைப்பதும் அதே வௌவாலின் கணக்குத்தான்.

ஒரு வௌவாலின் ஈக்கள் ஒரே குப்பிக்குள், 96 சதவீத ஆல்கஹாலில். சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, சில மாதத்தில் வெற்றுக் காகிதம்தான் மிஞ்சும். எந்த வௌவாலில் கிடைத்தது என்று தெரியாத ஈயால் எந்தப் பயனும் இல்லை.

பலரும் தவறவிடும் பதிவு ஒன்று உண்டு: ஈயே இல்லாத வௌவால். உதாரணத்துக்கு, 40 வௌவால்களில் 24இல் மட்டும் ஈ, மொத்தம் 96 ஈக்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பு விகிதம் 60 சதவீதம். ஈயுள்ள வௌவாலுக்குச் சராசரி 4. எல்லா வௌவாலுக்கும் சேர்த்துச் சராசரி 2.4. வெறும் வௌவால்கள் 16ஐ எழுதாமல் விட்டால் விகிதம் 100 ஆகிவிடும், அடுத்த ஆண்டோடு ஒப்பிடவே முடியாது.

ஆய்வகத்தில் இனம் காண, சில ஈக்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் திசுக்களைக் கரைத்து, கண்ணாடிச் சில்லில் பதிப்பார்கள். அப்படிச் செய்த ஈயிலிருந்து டிஎன்ஏ கிடைக்காது. ஆகவே தனியாகச் சிலவற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். கரைசலில் போடுமுன் ஒவ்வொரு ஈயையும் நுண்ணோக்கியில் 40 மடங்குப் பெருக்கத்தில் ஒரு சுற்றுப் பார்ப்பது நல்லது. சில ஈக்களின் உடம்பில் மிகச் சிறிய முடிக்கற்றை போல் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். ஈயின் சொந்த முடி அல்ல. லபூல்பேனியா வரிசையைச் சேர்ந்த பூஞ்சை. அமெரிக்கப் பூஞ்சையியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர் இவ்வகையில் ஒன்றுக்கு 1917இல் நிக்டெரோமைசிஸ் என்று பெயரிட்டார். வாழும் பூச்சியின் மேல் மட்டுமே வளரும், பெரும்பாலும் ஈயும் ஈயும் உரசும்போது பரவும். அதாவது வௌவாலின் ஒட்டுண்ணிக்கும் ஓர் ஒட்டுண்ணி. குப்பியை வேகமாகக் குலுக்கினாலே அது ஒடிந்து அடியில் தூசியாகப் படிந்துவிடும்.