ஹைட்ரேஞ்சியாவில் தேன் தேடாதீர்கள்

"வீட்டைச் சுற்றிப் பூவாக இருக்கு, ஒரு பட்டாம்பூச்சியும் எட்டிப் பார்க்கலையே." இந்தப் புகார் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த வாரம் கோத்தகிரியில் ஒரு ஹோம்ஸ்டே. வேலி நெடுக ஹைட்ரேஞ்சியா, தொட்டி தொட்டியாக அடுக்குப் பெட்டூனியா, வாசலில் ஜெரேனியம். பூவுக்குப் பஞ்சமில்லை, தேனுக்குத்தான் பஞ்சம்.

பூ பெரிதாக, நிறமாக இருந்தால் பட்டாம்பூச்சி வரும் என்று யார் சொன்னது? நிறம் தூரத்திலிருந்து கூப்பிடும், அவ்வளவுதான். வந்த பூச்சிக்குக் குடிக்க ஏதாவது இருக்க வேண்டாமா? பந்து ஹைட்ரேஞ்சியாவில் ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். இதழ் என்று நாம் நினைப்பது புல்லி, அதாவது மொட்டை மூடும் உறை. நடுவில் கடுகளவு குமிழ். பெரும்பாலும் மலட்டுப் பூ.

அடுத்து ஒற்றை அடுக்கு ஜின்னியாவை எடுங்கள். நடுவட்டத்தில் மஞ்சள் நட்சத்திரங்களாகப் பொடிப்பூக்கள். ஒவ்வொன்றும் தேனுள்ள ஒரு குழல். பட்டாம்பூச்சி இதழ்மேல் உட்கார்ந்து, குழல் குழலாக உறிஞ்சிக்கொண்டே வட்டமடிக்கும். நன்கு அடுக்கான ரகத்தில் அந்த நடுவட்டம் முழுக்க இதழாகிவிட்டது. செண்டுமல்லி, டேலியா எல்லாவற்றுக்கும் இதே கதை. நர்சரியில் செடியைக் குனிந்து பார்த்து, நடுவட்டம் தெரிந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் பென்டாஸும் இட்லிப்பூவும் வைத்தால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகும். அங்கே காஸ்மாஸ், ஒற்றை டேலியா, வெள்ளைக் கதிர் விடும் ஆசியப் புட்லியா. புட்லியாவைப் பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் உயரமாகப் போய் அடி மொட்டையாகும். குன்னூர், கோத்தகிரியில் உறைபனி இறங்காத மேட்டில் பென்டாஸ் தாராளமாக வரும். ஜின்னியாவை மேகமூட்ட மாதங்களில் வைக்காதீர்கள், இலையில் சாம்பல் நோய் விழும்.

ஒரே வகையில் ஐந்தாறு செடி, ஒரு அடி இடைவெளியில், கூட்டமாக. வகைக்கு ஒன்று நடுவது கண்காட்சிக்குச் சரி. காலை வெயில் விழணும், காற்றைத் தடுக்கணும்: இறக்கை சூடேறாமல் பட்டாம்பூச்சி பறக்காது. கிலுகிலுப்பைச் செடி நான்கைந்து வைத்தால் வரியன் (டைகர்) வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் காய்ந்த தண்டை உறிஞ்சவே வரும். அது பசிக்கல்ல, பெண்ணைக் கவரும் மணத்துக்கான சரக்கு.

"உண்ணிச்செடியில் (லந்தானா) எப்பவும் பட்டாம்பூச்சி இருக்கே?" இருக்கும். பறவை அதன் பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போடும். முதுமலையில் புல் முளைக்க இடமில்லாமல் அது புதராக மண்டியதைப் பார்த்தவர் கேட்கமாட்டார். "இது மலட்டு ரகம் சார், பரவாது" என்பார்கள் நர்சரியில். அதன் மகரந்தம் வெளியே உள்ள உண்ணியோடு கலக்கலாம் என்று சொல்லமாட்டார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மருந்து விஷயம். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை வேரில் ஊற்றினால் செடி முழுக்க ஏறும், பூந்தேனிலும். பூச்செடிக்கு அது வேண்டவே வேண்டாம். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே போதும். வாங்கும்போதே என்ன ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை. வேப்ப எண்ணெய்யும் புழுவைக் கொல்லும், "இயற்கை" என்று லேபிளில் இருந்தாலும்.

இலையில் ஓட்டை கண்டதும் பதறுகிறவர்களுக்கு: அந்தப் புழுதான் நாளைய பட்டாம்பூச்சி. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதை நசுக்காதீர்கள். தோட்டக்கோடியில் தொட்டால் அரிக்கும் செந்தட்டி (நெட்டில்) இருந்தால் நாலு செடி விட்டுவையுங்கள், இந்தியன் ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான். குழந்தைகள் ஓடும் பக்கம் மட்டும் வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.