பட்டியலில் இருக்கும் கோப்பு, திறந்தால் ஏன் இல்லை?

மின்னஞ்சல் சேவையகத்தின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு, லினக்ஸ் கணினி சில நேரங்களில் முரணான இரண்டு பதில்களைத் தரும். கோப்புறையைப் பட்டியலிட்டால் ‘சென்ட்மெயில்’ என்ற அஞ்சல் அனுப்பும் நிரலின் பெயர் தெரியும். அதையே இயக்கச் சொன்னால் ‘அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று வரும். இரண்டு பதில்களும் சரியானவையே. பட்டியலில் தெரிவது சிம்லிங்க் எனப்படும் குறியீட்டு இணைப்பு. இல்லை என்று சொல்லப்படுவது அந்த இணைப்பு சுட்டும் கோப்பு. பிழைச் செய்தி இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாததால், அனுபவமுள்ள நிர்வாகிகளும் தவறான இடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிம்லிங்க் என்பது தனி ஒரு கோப்பு. அதனுள் இருப்பது இன்னொரு கோப்பின் பாதை மட்டுமே, அதுவும் வெறும் எழுத்துகளாக. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அந்தப் பாதை 59 பைட்டுகளுக்கு மிகாமல் இருந்தால், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு என்ற பதிவுக்குள்ளேயே அது அடங்கிவிடும். ஹார்ட்லிங்க் வேறு வகை: அது ஐநோடையே நேரடியாகப் பற்றிக்கொள்வதால், மூலக் கோப்பின் பெயர் மாறினாலும் அறுபடாது, ஆனால் ஒரு கோப்பு முறைமையைத் தாண்டி இன்னொன்றுக்குச் செல்லாது. சிம்லிங்க் எங்கும் செல்லும், கோப்புறையையும் சுட்டும். அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக, பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. சுட்டப்படும் கோப்பு இருக்கிறதா என்று இணைப்பை உருவாக்கும்போதும் யாரும் சரிபார்ப்பதில்லை, கோப்பை நீக்கும்போதும் சரிபார்ப்பதில்லை.

மின்னஞ்சல் மென்பொருளில் இது மிகுதியாகத் தொல்லை தருவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸுடன் பரவியது. சிம்லிங்க்கும் அதே வெளியீட்டின் வழியாகத்தான் பரவலான புழக்கத்துக்கு வந்தது. அஞ்சல் அனுப்ப விரும்பிய நிரல்களெல்லாம் சென்ட்மெயிலின் பெயரைச் சொல்லி அழைக்கும்படி எழுதப்பட்டன. அதனால் 1998-இல் வீட்ஸ வெனிமா போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மாற்று அஞ்சல் மென்பொருளை வெளியிட்டபோது, அவரும் ‘சென்ட்மெயில்’ என்ற பெயரிலேயே ஒரு நிரலை உடன் தர வேண்டியிருந்தது. அந்தப் பெயர் இன்று ஒரு பதவியின் பெயரைப் போல ஆகிவிட்டது. பதவியில் அமர்ந்திருப்பது யார் என்பதைப் பல கணினிகளில் சிம்லிங்க்கே தீர்மானிக்கிறது.

ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸில் இந்த ஏற்பாடு ஒரு சங்கிலியாக அமைந்திருக்கிறது. ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்/சென்ட்மெயில்’ என்பது ‘/எட்ஸி/ஆல்டர்னேட்டிவ்ஸ்/எம்டிஏ’ என்ற இணைப்பைச் சுட்டும் (எம்டிஏ என்றால் அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்), அது ‘சென்ட்மெயில்.போஸ்ட்ஃபிக்ஸ்’ என்ற உண்மையான நிரலைச் சுட்டும். மேம்படுத்தலின்போது கடைசிக் கண்ணியின் பெயரோ இடமோ மாறினால், முதல் கண்ணி பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். நிர்வாகி முன்பொரு நாள் கையால் இட்ட இணைப்புகள் இன்னும் ஆபத்தானவை: மென்பொருள்களை நிறுவி நீக்கும் பொதி மேலாளரின் பதிவேட்டில் அவை இல்லாததால், பதிப்பு எண்ணைத் தாங்கிய பழைய கோப்புறை நீக்கப்படும்போது அவற்றைத் திருத்த யாருமில்லை.

இந்தப் பழுது உடனே வெளிப்படாதது கவலைக்குரிய விஷயம். வெளியிலிருந்து வரும் அஞ்சல்கள் 25-ஆம் போர்ட் என்ற பிணைய வாயிலின் வழியாகச் சேவை நிரலை நேரடியாக அடைவதால், அவை வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். அதே கணினிக்குள்ளிருந்து சென்ட்மெயில் கட்டளையின் மூலம் அனுப்பப்படுபவை மட்டும் நின்றுபோகும். குறித்த நேரங்களில் பணிகளை இயக்கும் கிரான் தன் அறிக்கைகளைப் பெரும்பாலும் இந்த வழியில்தான் அனுப்புகிறது. ஆகவே பழுதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை அஞ்சலே அந்தப் பழுதில் சிக்கிக்கொள்கிறது.

தேடும்போது முதல் கண்ணியோடு நிற்காமல் முழுப் பாதையையும் நடந்து பார்க்க வேண்டும். இதற்கு ‘நேம்ஐ’ கட்டளையை நான் பெரிதும் நம்புகிறேன். பாதையின் ஒவ்வொரு படியையும் தனி வரியாகக் காட்டி, எந்தப் படியில் தடம் அறுகிறது என்று அது சொல்லிவிடும். நீள்வடிவ விருப்பத்துடன் இயக்கினால் படிக்குப் படி அனுமதிகளையும் காட்டும். சிம்லிங்க்கின் சொந்த அனுமதி எழுத்துகள் லினக்ஸில் கோப்பைத் திறப்பதற்குப் பொருட்டல்ல; இடையிலுள்ள கோப்புறை ஒன்றில் நுழைய அனுமதி இல்லாவிட்டால், கோப்பு இருந்தும் பயனில்லை. இணைப்புகள் ஒன்றையொன்று சுட்டி வட்டமாகிவிட்டால், லினக்ஸ் கெர்னல் 40 இணைப்புகள்வரை பின்தொடர்ந்துவிட்டு வேறொரு பிழையைத் தரும். முறிந்த இணைப்புகளை மொத்தமாகத் திரட்ட, ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘எக்ஸ்டைப்’ நிபந்தனைக்கு ‘எல்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் போதும்.

சார்புப் பாதைகளை, அதாவது இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கிக் கணக்கிடப்படும் பாதைகளை, தனியாகக் கவனிக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பெற்றுத் தரும் சர்ட்பாட், ‘லைவ்’ கோப்புறையில் வைப்பது சான்றிதழ்களை அல்ல, ‘ஆர்க்கைவ்’ கோப்புறையை நோக்கிய சார்பு இணைப்புகளை. சேவையகத்தை மாற்றும்போது ‘லைவ்’ கோப்புறையை மட்டும் இணைப்புகளாகவே நகலெடுத்தால், எல்லாப் பெயர்களும் வந்து சேரும், சான்றிதழ் ஒன்றுகூட வராது. போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் ஒரு கோப்புறைக்கு வெளியே எதையும் காணவிடாத சீரூட் என்ற அடைப்புக்குள் இயங்கும்போது இதற்கு நேர்மாறான சிக்கல் எழுகிறது: அங்கே முழுப் பாதை அடைப்பின் வேரிலிருந்து படிக்கப்படுவதால், வெளியே சரியாக இருக்கும் இணைப்பு உள்ளே எதையும் சுட்டாமல் போகலாம்.

சங்கிலியைச் சீர்செய்யக் கையால் இணைப்பு இடுவதைவிட, ‘ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கருவியிடம் எம்டிஏ எது என்று அறிவிப்பதே முறை. ‘மெயில்க்யூ’, ‘நியூஅலையசஸ்’ ஆகிய துணை இணைப்புகளையும் அது சேர்த்தே மாற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் சென்ட்மெயில் நிரல் தன்னை எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று பார்த்தே வேலையைத் தீர்மானிக்கிறது என்பதால், இந்தப் பெயர்கள் பிசகினால் வேலையும் பிசகிவிடும். கோப்புறையைச் சுட்டும் இணைப்பைக் கையால் மாற்றியே ஆக வேண்டுமென்றால், ‘எல்என்’ கட்டளையில் ‘எஸ்’, ‘எஃப்’ ஆகியவற்றோடு ‘என்’ விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால், பழைய இணைப்பு மாறாமல் இருக்க, அது சுட்டும் கோப்புறைக்குள் புதிய இணைப்பு போய் உட்கார்ந்துகொள்ளும்.

திருத்திய பின், பராமரிப்பு நேரம் முடியும் முன்பே சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிவிடுவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், நீக்கப்பட்ட கோப்பைத் தான் திறந்து வைத்திருக்கும்வரை பயன்படுத்த முடியும். மறுதொடக்கத்தின்போதுதான் அது புதிய பாதைகளைத் தேடிச் செல்லும். பிறகு கிரானில் ஒரு வரி வெளியீடு தரும் பணியைச் சேர்த்து, அதன் அஞ்சல் நம் பெட்டிக்கு வந்து சேரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.