படிவம் 6-ஆ, 8-ஆ? பெங்களூருவில் வாக்காளர் பதிவுக்கு உதவும் தன்னார்வலர்களுக்கு

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு வாக்காளர் முகாம் நடத்துகிறவர்கள், வருகிறவர் கையில் எடுத்த எடுப்பிலேயே படிவம் 6-ஐக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஊர்ல ஓட்டு இருக்காண்ணே?"

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலையிலிருந்து வந்து இங்கே பத்து வருடமாக வேலை பார்க்கிறவர் பலருக்கு ஊரில் பெயர் இருக்கும். படிவம் 6 முதன்முறை சேர்கிறவருக்கு மட்டும். அதில் "வேறு எங்கும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழியும் உண்டு. ஊரில் பெயரை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே, அதிலும் ஒரே ஒரு முறைதான் பதிவாகலாம் என்று 17, 18-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. மாட்டிக்கொள்வது விண்ணப்பதாரர், படிவத்தை நீட்டிய தன்னார்வலர் அல்ல.

ஊரில் பெயர் இருப்பவருக்கு உரியது படிவம் 8. மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் அதேதான். 2022 ஆகஸ்டில் படிவங்களை மாற்றியமைத்தபோது இடமாற்றம், திருத்தம், புது அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது ஆகிய நான்கையும் இந்த ஒரே படிவத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். நான்கில் ஒன்றைத்தான் டிக் செய்ய வேண்டும். முகவரியும் மாற வேண்டும், பெயரில் எழுத்துப் பிழையும் திருத்த வேண்டும் என்றால் முதலில் இடமாற்றம். அது ஏற்கப்பட்ட பிறகு திருத்தத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம்.

"ஊர்ல பேரை எடுத்துட்டா ரேஷன் போயிடுமே" என்று தயங்குகிறவர்கள் நிறைய. ரேஷன் அட்டை வேறு துறை, வேறு பதிவு. வாக்காளர் பட்டியலில் இடம் மாறினால் ரேஷன் அட்டை தானாக ரத்தாகாது. இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். ஊரிலேயே ஓட்டு இருக்கட்டும் என்பவரை வற்புறுத்துவது நம் வேலை இல்லை. ஆனால் சட்டம் பார்ப்பது வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதைத்தான். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது என்று 20-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

கையில் பழைய வாக்காளர் அட்டை இருக்கிறது, அதனால் பெயரும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்தில் (வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் பணி), வீட்டில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர் என்ற காரணத்தில் ஏராளமான பெயர்கள் நீங்கின. வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேரக்கூடியது. ஆகவே படிவத்தைத் தொடும் முன், தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர் வந்தால் படிவம் 8. அட்டை எண்ணிலும் வரவில்லை, பெயர், தந்தை பெயர், மாவட்டம் கொடுத்துத் தேடியும் வரவில்லை என்றால் படிவம் 6. ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். முகாமின் மிக முக்கியமான ஐந்து நிமிடம் அதுதான். அந்தந்த மாநிலத்தில் தீவிர திருத்தம் நடக்கும் காலத்தில் மட்டும் நடைமுறை வேறு: வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீட்டுக்கே கணக்கெடுப்புப் படிவம் கொண்டுவருவார். அதை நிரப்பித் திருப்பித் தராவிட்டால் வரைவுப் பட்டியலில் பெயர் இருக்காது.

பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஜனவரி 1 மட்டும்தான் கணக்கு என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள்; அந்த நாளில் 18 முடிந்திருக்க வேண்டும். 2008 மே 10-ல் பிறந்தவருக்கு 2026 ஜூலை 1 பொருந்தும். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். விடுதியில் தங்கிப் படிப்பவர் கல்லூரித் தலைவரின் சான்றோடு இங்கே பதியலாம், இல்லை பெற்றோர் வீட்டு முகவரியிலேயே பதியலாம், இரண்டில் ஒன்று.

ஆவணத்தில் வயதுச் சான்று பெரும்பாலும் சிக்கல் தராது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இவற்றில் ஒன்று போதும். இழுப்பது முகவரிச் சான்று. பெங்களூருவில் வாடகை ஒப்பந்தம் என்றால் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். படிவம் கேட்பதோ பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம். பெஸ்காம் மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில் வரும். விண்ணப்பதாரர் அல்லது அவருடைய பெற்றோர், கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவினர் பெயரில் இருந்தால்தான் செல்லும். ஆதாரில் இன்னும் வாணியம்பாடி முகவரிதான் இருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சுலபமான வழி, வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக்கில் இங்குள்ள முகவரியை மாற்றிக்கொள்வது. அதுவும் இல்லையென்றால் "வேறு ஆவணம்" என்ற கட்டத்தில் கையில் உள்ளதைக் குறிப்பிட்டு இணைக்கலாம், பி.எல்.ஓ. நேரில் வந்து பார்த்து உறுதி செய்வார். வீடே இல்லாமல் நடைபாதையிலோ கட்டடம் எழும் இடத்திலோ படுப்பவருக்கும் உரிமை உண்டு. பி.எல்.ஓ. இரவில் வந்து அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், அவ்வளவே.

நேரில் பார்க்க வருகிறவர் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமே. ஒரே கேட்டுக்குள் ஆறேழு குடித்தனம், எல்லாவற்றுக்கும் ஒரே கதவு எண் என்றிருக்கும் பழைய அல்சூர் சந்துகளில் "வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். முகவரியில் குறுக்குத் தெரு எண், மாடி, அருகிலுள்ள கோயில் அல்லது கடை பெயர் வரை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே யாருக்காவது அட்டை இருந்தால் அந்த எண்ணையும் படிவத்தில் குறிப்பிடுங்கள்; குடும்பம் முழுக்கப் பட்டியலின் ஒரே பாகத்தில், அதாவது ஒரே வாக்குச்சாவடிக்கான பகுதியில், வர அது உதவும். பெரும்பாலான பி.எல்.ஓ.க்கள் பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர். சொந்த வேலையோடு இதையும் செய்கிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் காரியம் நடக்கும்.

பெயர் எழுதும் இடத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இங்கே பட்டியல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டினால் கன்னடம் தானாக விழும். எழிலரசி, தமிழ்ச்செல்வன், கனிமொழி போன்ற பெயர்களில் "இசட் எச்" வரும் இடத்தில் அது எதையாவது போட்டு வைக்கும். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை முகாமில் உட்காரவைத்து, அந்தக் கட்டத்தைக் கையால் திருத்தச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம். இனிஷியலை ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே முன்னாலோ பின்னாலோ எழுதுங்கள். இணையவழி விண்ணப்பத்தில் இப்போது ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வந்து மின்கையொப்பம் ஆக வேண்டும். பெயர் வேறுபட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆதாரில் உள்ள எண் தொலைந்து போனது என்கிறவருக்குக் காகிதப் படிவமே மேல். 4.5-க்கு 3.5 செ.மீ. அளவில், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் ஒன்று. கட்டணம் எதுவும் கிடையாது; அட்டை அஞ்சலில் வீட்டுக்கு வரும்.

தன்னார்வலர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பெங்களூரு 2022-ல் கசப்பாகக் கற்றது. விழிப்புணர்வுக்கு என்று மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிய ஓர் அமைப்பின் ஆட்கள், பி.எல்.ஓ. போல அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் தகவல் திரட்டினார்கள் என்று புகார் எழுந்தது. அனுமதி ரத்தானது. சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா தொகுதிகளில் சேர்த்த, நீக்கிய பெயர்களை முழுதாக மறுசரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. ஆகவே ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டில் பெயர், எண், சாதி என்று குறிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆவணம் அனுப்பச் சொல்லாதீர்கள். எல்லோருடைய விண்ணப்பத்துக்கும் உங்கள் கைபேசி எண்ணையே போடுவது வசதியாகத் தோன்றும். பின்னாளில் மின்னணு அட்டையைத் தரவிறக்க முடியாமல் அவர்தான் அலைவார்.

நிரப்பிய படிவங்களைக் கட்டாகக் கட்டி அலுவலகத்தில் கொடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரே குடும்பத்தார் படிவத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். தனிநபரோ அமைப்போ மொத்தமாகக் கொடுப்பதை ஏற்பதில்லை. கட்சிகள் நியமிக்கும் வாக்குச்சாவடி முகவர்களுக்குத் தனி விதி, அதுவும் வரம்போடு. நல்ல வழி, வாக்காளர் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டி எழுதிக் கொடுத்து, அந்தப் பாகத்தின் பி.எல்.ஓ.வையே முகாமுக்கு வரவைப்பது. அவரே வாங்கி, படிவத்தின் அடியில் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்தச் சீட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிலை என்ன என்று பார்க்க அது ஒன்றுதான் பிடி.

ஆட்சேபம் சொல்ல 7 நாள் விட்ட பிறகே முடிவு எடுப்பார்கள். அதனால்தான், தேர்தல் அறிவித்த பிறகு வருகிறவரிடம், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்கு 10 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம். 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க 73 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானபோது தலைநகரம் 55-ஐ ஒட்டியே நின்றது. சோம்பல் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீடு மாறியும் பட்டியலில் மாறாத பெயர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு. அங்கும் சாதகமாக இல்லையென்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். வீடு கிடைக்கவில்லை என்பது மட்டுமே காரணம் என்றால், மேல்முறையீட்டுக்குப் போகாமல் சரியான முகவரியோடு மறுபடி விண்ணப்பிப்பதே சீக்கிரம் முடியும். எந்தப் பாகம், யார் பி.எல்.ஓ. என்று தெரியாவிட்டால் 1950-க்கு அழைத்துக் கேட்கலாம்.