சுத்துற சூளைக்குள்ள பொடி எப்படி கலக்குது, ஏன் திரும்ப பிரியுது

சிமெண்ட், சுண்ணாம்பு, ஸ்பாஞ்ச் அயர்ன், டைட்டானியம் டை ஆக்சைடு இதெல்லாம் தயார் பண்ற இடத்துல ரோட்டரி கில்ன்னு ஒண்ணு இருக்கும். பெரிய இரும்புக் குழாய், உள்ள தீச்செங்கல் பதிச்சிருக்கும், லேசா சாய்ச்சு வச்சு மெதுவா சுத்த விட்டிருப்பாங்க, மேல் பக்கம் மெட்டீரியலைப் போட்டா கீழ் பக்கம் வெந்து வெளிய வரும். சிமெண்டுக்கு இதை 1885ல பேட்டன்ட் வாங்கினது இங்கிலாந்தோட ஃபிரெடெரிக் ரான்சம். அன்னைக்கு இருந்ததை விட இன்னைக்கு இருக்கற கில்ன் பல மடங்கு பெருசு, ஆனா அடிப்படை அப்படியேதான் இருக்கு.

இதைப் பார்க்கற எல்லாருக்கும் முதல்ல தோணுறது, இவ்ளோ பெரிய குழாய் விடாம சுத்துதே, உள்ள இருக்கறது தானா நல்லா கலந்துடும்ங்கறதுதான். அது அப்படி இல்லை. சுத்தறதும் கலக்கறதும் வேற வேற. எந்த ஒரு நொடியிலயும் உள்ள இருக்கற மெட்டீரியல்ல பெரும்பகுதி கலக்காம சும்மா சவாரி பண்ணிட்டுதான் இருக்கு, அதுக்கு மேல, சுத்தச் சுத்த கலக்கறதோட கூடவே பிரிக்கற வேலையும் நடக்குது. இது புரிஞ்சாதான் ஏன் சில கில்ன்ல ஒரே லோடுல பாதி வேகாமலும் பாதி கருகியும் வருதுன்னு புரியும்.

முதல்ல குறுக்குவெட்டுல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கில்ன் முழுசா நிரம்பி இருக்காது, பொதுவா 10ல இருந்து 15 சதவீதம் இடத்துலதான் மெட்டீரியல் கிடக்கும், மிச்சமெல்லாம் தீயும் சூடான வாயுவும். சுவர் சுத்தும்போது குவியலும் அது கூடவே ஒரு பக்கமா மேல ஏறும், ஒரு குறிப்பிட்ட சாய்வு வந்ததும் அதுக்கு மேல நிக்க முடியாம மேற்பரப்புல இருக்கற துகள்கள் கீழ வழிஞ்சு ஓடும், ஓடி அடிப்பக்கம் சேர்ந்து திரும்ப சுவரோட ஒட்டிக்கிட்டு மேல ஏறும். இதுல ரெண்டு பகுதி இருக்கு. மேல வழியற மெல்லிய அடுக்கு ஒண்ணு, அதை ஓடும் அடுக்குன்னு வச்சுக்குவோம். அதுக்குக் கீழ இருக்கறது உறங்கும் பகுதி. உறங்கும் பகுதியில பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு துகள் கெட்டியா ஒட்டி வச்ச மாதிரி அப்படியே சேர்ந்து மேல போகும், ஒண்ணை ஒண்ணு தாண்டவே தாண்டாது. இடம் மாறறது, மோதறது, கலக்கறது எல்லாம் அந்த மெல்லிய ஓடும் அடுக்குலதான். கில்ன்ல நடக்கற மொத்த கலவையும் அந்த ஒரு தோல்ல நடக்கறதுதான்னு சொன்னா அது மிகை இல்லை.

வேகத்தைப் பொறுத்து இந்த ஓட்டம் மாறும். சுவர் வழவழன்னு இருந்தா குவியல் மொத்தமா சறுக்கிக்கிட்டு கீழயே கிடக்கும், இதுதான் ரொம்ப மோசமான நிலை, கலவையே இல்லை. கொஞ்சம் பிடிமானம் இருந்து வேகம் கம்மியா இருந்தா குவியல் மேல ஏறி, நின்னு, திடீர்னு சரிஞ்சு, திரும்ப ஏறி, இப்படி விட்டு விட்டு சரியும். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுனா சரிவு விட்டு விட்டு வராம தொடர்ச்சியா ஆகி மேற்பரப்பு தட்டையா சாய்ஞ்சு நிக்கும், இதைத்தான் ரோலிங் மோடுன்னு சொல்வாங்க, பெரும்பாலான கில்ன் ஓட்டறவங்க விரும்பறது இதைத்தான். அதையும் தாண்டுனா மேற்பரப்பு வளைஞ்சு அலை மாதிரி ஆகும், அதுக்கப்புறம் துகள்கள் காத்துல பறந்து விழும், கடைசியா சுவரோட ஒட்டிக்கிட்டு முழுசா சுத்த ஆரம்பிச்சிடும். எந்த நிலை வரும்னு கணிக்க ஃப்ரூட் எண்ணுன்னு ஒண்ணு பயன்படுத்துவாங்க, சுத்தறதால வர்ற விசையை புவியீர்ப்போட வச்சுப் பார்க்கற விகிதம் அது, அது 1 ஆச்சுன்னா ஒட்டிக்கும். 4 மீட்டர் விட்டம் இருக்கற கில்ன்னுக்கு அந்த எல்லை நிமிஷத்துக்கு சுமார் 21 சுத்து. நிஜத்துல கில்ன் எல்லாம் நிமிஷத்துக்கு 1ல இருந்து 5 சுத்துக்குள்ளதான் ஓடுது, அதனால அந்த எல்லைக்கு ரொம்ப கீழதான் இருக்கோம்.

இப்ப எவ்வளவு நிரப்பறோம்ங்கறது ஏன் இவ்ளோ முக்கியம்னு பார்ப்போம், எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச பகுதி இது. 1995ல மெட்காஃப், ஷின்பிராட், மெக்கார்த்தி, ஆட்டினோ நாலு பேரும் நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க, மெதுவா சுத்தற உருளையில சரிவு சரிவா விழும்போது என்ன நடக்குதுன்னு வெறும் ஜியோமெட்ரி வச்சே காட்டுனாங்க. ஒவ்வொரு சரிவுலயும் மேல் பக்கத்துல இருக்கற ஒரு ஆப்பு வடிவத் துண்டு இறங்கி கீழ் பக்கத்து ஆப்பா மாறுது. பாதிக்கும் கம்மியா நிரம்பியிருந்தா அடுத்தடுத்த ஆப்புகள் ஒண்ணு மேல ஒண்ணு படியும், அப்படி படியற இடம் வழியாத்தான் ஒரு ஆப்புல இருக்கறது இன்னொரு ஆப்புக்குப் போகுது. சரியா பாதி நிரம்புனா ஆப்புகள் எல்லாம் நடுப்புள்ளியில மட்டும் தொட்டுக்கும், படியறதே இல்லை, கலவை படுத்துடும். பாதிக்கு மேல போனா நடுவுல ஒரு வட்டமான பகுதி மேற்பரப்புக்கே வராம, சரியவே சரியாம, எத்தனை தடவை சுத்துனாலும் அப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். அதிகமா நிரப்பி அதிகமா உற்பத்தி எடுக்கலாம்னு நினைக்கறவங்க இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும். 10, 15 சதவீதம்னு வைக்கறது இடத்தை வீணாக்கறது இல்லை.

கம்மியா நிரப்பறதுல இன்னொரு லாபமும் இருக்கு. 10 சதவீதம் நிரம்பியிருந்தா குவியல் சுவரோட சுற்றளவுல கிட்டத்தட்ட கால்வாசியைத்தான் தொடுது, அதனால ஒரு துகள் அடியில மாட்டி மேல ஏற கில்ன் கால் சுத்து சுத்துனா போதும், அப்புறம் சட்டுனு வழிஞ்சு கீழ வந்துடும். அதாவது கில்ன் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள துகள் மூணு நாலு தடவை மேல போய் கீழ வருது.

உள்ள எவ்வளவு நேரம் இருக்கும்னு கேட்டா, 1927ல அமெரிக்க சுரங்கத் துறைக்காக சல்லிவன், மேயர், ரால்ஸ்டன் மூணு பேர் போட்ட சூத்திரத்தை இன்னைக்கும் பயன்படுத்தறாங்க. 1.77ஐ நீளத்தாலயும், மெட்டீரியலோட குவியல் கோணத்தோட (கொட்டி வச்சா குவியல் சரியாம நிக்கற சாய்வு, டிகிரியில) வர்க்கமூலத்தாலயும் பெருக்கி, சாய்வுக் கோணம், விட்டம், நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, இது மூணாலயும் வகுத்தா நிமிஷம் கிடைக்கும். 60 மீட்டர் நீளம், 4 மீட்டர் விட்டம், 2 டிகிரி சாய்வு, நிமிஷத்துக்கு 3.5 சுத்து, 36 டிகிரி குவியல் கோணம்னு போட்டா சுமார் 23 நிமிஷம் வருது. அந்த நேரத்துல கில்ன் 80 சுத்து, துகள் கிட்டத்தட்ட 280 தடவை ஏறி இறங்குது, ஒவ்வொரு தடவையும் சாய்வு காரணமா சுமார் 20 சென்டிமீட்டர் முன்னாடி நகருது. கலக்கறதுக்கு நமக்கு கிடைக்கற வாய்ப்பு அந்த 280 தடவைதான், அதுக்குள்ள எல்லாம் முடியணும்.

எல்லா துகளும் ஒரே சைஸ், ஒரே எடைன்னா இந்த 280 தாராளமா போதும், சில சுத்துலயே குறுக்குவெட்டு நல்லா கலந்துடும். பிரச்சனை சைஸ் வித்தியாசத்துலதான் ஆரம்பிக்குது. ஓடும் அடுக்குல துகள்கள் உருண்டு போகும்போது நடுவுல இடைவெளி திறந்து திறந்து மூடும், அந்த இடைவெளி வழியா பெருசு கீழ போக முடியாது, சிறுசு போயிடும், அதாவது அந்த அடுக்கே ஓடிக்கிட்டு இருக்கற ஒரு சல்லடை மாதிரி வேலை செய்யுது. கீழ இறங்குன சிறுசு உறங்கும் பகுதியில சீக்கிரமே மாட்டிக்கிட்டு குவியலோட நடுவுல சேரும், பெருசு மேற்பரப்புல கடைசி வரைக்கும் உருண்டு ஓடி சுவர் ஓரமா போய்ச் சேரும். சில சுத்துலயே நடுவுல பொடி, சுத்தி கட்டின்னு தெளிவா ஒரு கரு உருவாகிடும். கலக்க எடுத்துக்கற நேரமும் பிரிய எடுத்துக்கற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனாலதான் இன்னும் கொஞ்ச நேரம் சுத்துனா சரியாகிடும்ங்கற யோசனை இங்க எடுபடாது. தண்ணியில சாயத்தைக் கலந்தா நேரம் ஆக ஆக நல்லா கலக்கும், திரும்ப பிரியாது, துகள்ல அந்த உத்தரவாதம் கிடையாது. எடை வித்தியாசமும் இதே வேலையைப் பண்ணும், ஒரே சைஸ்ல கனமானது நடுவுக்குப் போகும், லேசானது ஓரத்துக்கு வரும்.

இது ஏன் வேக வைக்கறதுல அடிக்குதுன்னா, சூடு குவியலுக்குள்ள ரெண்டு பக்கத்துல இருந்து வருது. மேற்பரப்புக்கு தீயும் வாயுவும் நேரா கொடுக்குது, சிமெண்ட் கில்ன்ல தீச்சுடர் 1900, 2000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். சுவர்ல இருக்கற செங்கல் மேல இருக்கும்போது அந்த சூட்டை வாங்கிக்கிட்டு, சுத்தி குவியலுக்கு அடியில வந்து அதைக் கொடுக்குது. மேல் பக்கமும் சுவர் பக்கமும் பெரிய துகள் கைக்குப் போயிடுச்சுன்னா நடுவுல இருக்கற பொடிக்கு சூடு வந்து சேர வழி, துகளுக்குத் துகள் கடத்தறது மட்டும்தான், அது ரொம்ப மெதுவு. தனியா விட்டா சீக்கிரம் வெந்துடற பொடி இங்க வேகாம வெளிய வருது, அதைச் சரி பண்ணலாம்னு தீயைக் கூட்டுனா வெளிய இருக்கறது கருகுது. ஆபரேட்டர் எவ்ளோ திறமைசாலியா இருந்தாலும் பர்னரை மட்டும் வச்சு இதைச் சரி பண்ண முடியாது.

நீளவாக்குல கதை வேற மாதிரி. அந்தப் பக்கம் கலவை ரொம்ப பலவீனமானது, துகள் முன்ன பின்ன கொஞ்சம் கொஞ்சமா சிதறுது அவ்ளோதான். இதுல நல்லதும் இருக்கு, எல்லா துகளும் கிட்டத்தட்ட ஒரே நேரம் உள்ள இருந்துட்டு வரும். கெட்டது என்னன்னா ஃபீட்ல, அதாவது உள்ள போடற மெட்டீரியல்ல, ஏற்ற இறக்கம் இருந்தா கில்ன் அதை சமன் பண்ணாது, போனது போன மாதிரியே மறுபக்கம் வந்து நிக்கும். அதனாலதான் சிமெண்ட்ல அரைச்ச பொடியை கில்ன்னுக்கு முன்னாடியே பிளெண்டிங் சைலோங்கற பெரிய தொட்டியில போட்டு காத்து ஊதி கலக்கறாங்க. நீளவாக்குல பட்டை பட்டையா பிரியற ஒரு விசித்திரமும் இருக்கு, ஜப்பான்ல ஓயாமா 1939லயே இதைச் சொல்லிட்டார், ஆனா அது தெளிவா தெரிய பல நூறு சுத்து ஆகலாம், 80 சுத்துல வெளிய போயிடற மெட்டீரியலுக்கு அது பெரிய தொல்லை இல்லை.

சிமெண்ட் கில்ன்ல இன்னொரு திருப்பம். சுமார் 1340 டிகிரியில கொஞ்சம் உருகி திரவம் வர ஆரம்பிக்கும், 1450 கிட்ட மொத்தத்துல 20ல இருந்து 30 சதவீதம் திரவமா இருக்கும், அது பொடியை ஒட்ட வச்சு உருண்டை உருண்டையா கிளிங்கர் (அரைச்சா சிமெண்ட் ஆகற கட்டி) ஆக்கும். உள்ள போகும்போது ஒரே மாதிரி பொடியா இருந்தது பாதி வழியில பல சைஸ் உருண்டையா மாறுது, அதாவது பிரிவு தொடங்கத் தேவையானதை கில்ன் தானே தயார் பண்ணிக்குது.

சரி, என்னதான் பண்றது? எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நம்பகமான வழி ஃபீட்லயே சைஸ் வித்தியாசத்தைக் குறைக்கறது, சுண்ணாம்புக் கல்லை சலிச்சு நெருக்கமான சைஸா போடறது, பொடியை உருண்டை பிடிச்சுப் போடறது. ரெண்டு மெட்டீரியல் கலக்கணும்னா பெருசா இருக்கறது கனமாவும், சிறுசு லேசாவும் இருக்கற மாதிரி சைஸைத் தேர்ந்தெடுத்தா சைஸ் இழுக்கறதும் எடை இழுக்கறதும் ஒண்ணை ஒண்ணு ஓரளவு ரத்து பண்ணிக்கும், அழகான தந்திரம், ஆனா எல்லா மெட்டீரியலுக்கும் அமையாது. அடுத்தது சுவர்ல லிஃப்டர் வைக்கறது. டிரையர்ல இரும்புத் தகடு வச்சு மெட்டீரியலை அள்ளி மழை மாதிரி கொட்டுவாங்க, கில்ன்ல சூடான பகுதியில இரும்பு தாங்காது, அங்க தீச்செங்கல்லையே மேடா கட்டி வைப்பாங்க, அது குவியலை புரட்டி நடுவுல இருக்கற கருவை உடைச்சு விடும். குழாயை வட்டமா விடாம உள்பக்கத்தை மூணு இதழ் வடிவத்துல கட்டறதும் உண்டு, குவியல் சுத்தற பாதை மாறிக்கிட்டே இருக்கறதால கரு நிலையா உக்கார முடியாது. இதுக்கெல்லாம் விலை இருக்கு, அள்ளிக் கொட்டுனா பொடி வாயுவோட பறக்கும், மேடு தேயும், உருகி ஒட்டற மெட்டீரியல்னா மேட்டையே மூடிடும்.

உள்ள நடக்கறதைக் கண்ணால பார்க்க முடியாதுங்கறது இதுல பெரிய கஷ்டம். ஆய்வகத்துல சின்ன உருளையில எம்ஆர்ஐ வச்சுப் பார்த்திருக்காங்க, பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல கதிர்வீச்சு விடற ஒத்தைத் துகளை உள்ள விட்டு அது எங்கெல்லாம் போகுதுன்னு பின்தொடர்ற முறையை உருவாக்குனாங்க. கம்ப்யூட்டர்ல, 1979ல கண்டாலும் ஸ்ட்ராக்கும் வெளியிட்ட முறைப்படி ஒவ்வொரு துகளோட மோதலையும் தனித்தனியா கணக்கு போடலாம், ஆனா நிஜ கில்ன்ல இருக்கற துகள் எண்ணிக்கைக்கு அது கட்டுப்படியாகாது, நிஜத்தை விட பெரிய துகளா வச்சுத்தான் ஓட்டறாங்க.

தொழிற்சாலையில இவ்ளோ வசதி இல்லாதவங்களுக்கும் ஒரு நல்ல வழி இருக்கு. வெளிய வர்ற சரக்கை மொத்தமா ஒரு சாம்பிளா எடுத்து டெஸ்ட் பண்ணா சராசரிதான் தெரியும், அந்த சராசரி நல்லா இருக்கும்போதே உள்ள பாதி வேகாம பாதி கருகி இருக்கலாம். அதே சாம்பிளை சைஸ் வாரியா சலிச்சு ஒவ்வொரு சைஸையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க. பொடியில மட்டும் வேகாதது அதிகமா இருந்தா நடுவுல கரு உக்காந்திருக்குன்னு சந்தேகப்படலாம், அப்ப பர்னரைத் தொடறதுக்கு முன்னாடி ஃபீட் சைஸையும் நிரப்பற அளவையும் பாருங்க. எல்லா சைஸ்லயும் ஒரே மாதிரி வேகலைன்னா கலவை பரவாயில்லைன்னு அர்த்தம், அப்ப குறை சூட்டுலயோ நேரத்துலயோதான் இருக்கும்.