தகுதியைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடும் தேர்வு

ஒவ்வொரு விருதுப் பட்டியல் வந்ததும் ‘திறமைக்குக் கொடுத்தார்களா, அடையாளத்துக்குக் கொடுத்தார்களா’ என்று சண்டை கிளம்புகிறது. நடிகர் தேர்வுப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பாதியில் தொடங்குவதாகவே படும். நடிப்பை எடைபோட, ஒருவர் முதலில் கேமரா முன் வந்து நிற்க வேண்டும். பெரும்பாலானோர் அதற்கும் முன்பே, ஆடிஷன் அறிவிப்பு எழுதும்போதே கழிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

‘மருத்துவர், ஆண், 45 வயது, கம்பீரமான தோற்றம்’ என்று ஒரு கதாபாத்திரக் குறிப்பு வருகிறது என வைத்துக்கொள்வோம். திரைக்கதையில் அவருக்கு இரண்டே காட்சிகள். பரிசோதனை முடிவைப் பார்க்கிறார், நோயாளியின் மகளிடம் கெட்ட செய்தியைச் சொல்கிறார். இதற்கு ஆணாக ஏன் இருக்க வேண்டும்? கம்பீரம் எதற்கு? பாலினம், வயது, நிறம், உடல்வாகு, உச்சரிப்பு என ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் காட்சியை மறுபடி படியுங்கள். காட்சி குலைந்தால் அந்தச் சொல் இருக்கட்டும்; குலையாவிட்டால் எடுத்துவிடுங்கள். வரலாற்றுப் படத்திலும் குடும்பக் கதையிலும் சில அடையாளங்கள் கட்டாயம் வேண்டியிருக்கும், அதில் தவறில்லை. ஆனால் நீதிபதி, கடைக்காரர், காவலர், ஆசிரியர் போன்ற ஒருநாள் வேடங்களில் பெரும்பாலும் பழக்கம்தான் எழுதுகிறது.

இந்தச் சின்ன வேடங்களை அலட்சியமாக நினைக்கக் கூடாது. அவை கிடைக்காதவரிடம் அடுத்த இயக்குநருக்குக் காட்ட ஒரு காட்சித்துண்டுகூட இருக்காது. காட்சித்துண்டு இல்லாதவரை முக்கிய வேடத்துக்கு யாரும் அழைப்பதில்லை. பத்து ஆண்டு கழித்து ‘தேடிப் பார்த்தோம், தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று உண்மையாகவே சொல்லும் நிலை வந்துவிடுகிறது.

அடுத்த அடைப்பு, நேரம். இன்று மாலை வசனம் அனுப்பி நாளைக் காலை வீடியோ கேட்டால், வேறு வேலை பார்த்துப் பிழைக்கும் நடிகர் அங்கேயே விலகிவிடுவார். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-அஃப்ட்ரா 2023 ஒப்பந்தத்தில் செல்ஃப் டேப்புக்கு, அதாவது நடிகர் தானே நடித்துப் பதிவுசெய்து அனுப்பும் வீடியோவுக்கு, குறைந்தது 48 மணி நேரம், முதல் அழைப்பில் அதிகபட்சம் 8 பக்க வசனம் என்று வரம்பு வாங்கியது இதற்காகத்தான். வெறும் சுவர், ஒரு விளக்கு, தெளிவான குரல் போதும் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நல்ல கேமரா வைத்திருப்பவர் நல்ல நடிகராகத் தெரிவார். காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரும், சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத நுழைவும் உண்டா என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை.

அறைக்குள் வந்தபின் எல்லோருக்கும் ஒரே காட்சி, எதிர் வசனம் படிக்க ஒரே ஆள், இரண்டு டேக். முதல் டேக் அவர் தயாரித்து வந்தபடி. இரண்டாவதில் ஒரே ஒரு திருத்தம்: ‘கோபத்தை மறைத்துச் சொல்லுங்கள்’ என்பது போல. படப்பிடிப்பில் கைகொடுக்கும் திறமை இந்த இரண்டாவது டேக்கில்தான் தெரியும். காட்சியைப் புரிந்துகொண்டது, கவனித்துக் கேட்பது, திருத்தத்தை ஏற்பது, குரலும் உடலும் ஒத்துப்போவது என நான்குக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் எழுதி முடிக்கட்டும். அதன்பிறகே பேச்சு. இயக்குநர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். அவர் முதலிலேயே ‘பிரமாதம்’ என்றுவிட்டால் அதன்பிறகு விழும் மதிப்பெண் எல்லாம் அவருடையதுதான்.

விருதுகளுக்கு வருவோம். 2015, 2016 இரு ஆண்டுகளிலும் ஆஸ்கர் நடிப்புப் பிரிவுகளின் 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போயின. வாக்களிப்பவர்களில் 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆண்கள் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2012இலேயே கண்டறிந்திருந்தது. 2024 விழாவிலிருந்து சிறந்த படப் பிரிவுக்கு மட்டும், வாய்ப்புக் குறைந்த பிரிவினரைச் சேர்ப்பதற்கான நான்கு தகுதிநிலைகளில் இரண்டை நிறைவு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது: திரையில் யார், படக்குழுவில் யார், பயிற்சி வாய்ப்பு யாருக்கு, விளம்பர விநியோகத் தலைமையில் யார். இது கதையில் கைவைக்கிறது என்பவர்கள் விதியைப் படித்துப் பார்க்க வேண்டும். திரையில் ஒரு முகம்கூட மாறாமல் மற்ற மூன்றில் இரண்டைக் காட்டித் தேறிவிடலாம். எங்கள் குறை, அது மிகத் தளர்வானது என்பதுதான்.

பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா எடுத்த வழி இதைவிட நேர்மையானது. 2020இல் அங்கேயும் நடிப்புப் பரிந்துரைகள் 20உம் வெள்ளையர்களுக்கே. அதன்பின் ஒவ்வொரு வாக்காளருக்கும் 15 படங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிக் கட்டாயம் பார்க்க வைத்தார்கள், பரிந்துரைக்கு முந்தைய கட்டமாக நெடும்பட்டியல் கொண்டுவந்தார்கள், நடிப்புப் பிரிவுகளில் நடுவர் குழுவை அமர்த்தினார்கள், பிரிவுக்கு ஆறு இடங்கள் ஆக்கினார்கள். 2021இல் 24 பேரில் 16 பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். தரம் தாழ்ந்ததா? வென்றவர்கள் ஆன்டனி ஹாப்கின்ஸ், ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட், டேனியல் கலூயா, யுன் யூ-ஜங். அதே ஆண்டு ஆஸ்கரிலும் நடிப்புக்காக வென்றவர்கள் இதே நால்வர்தான்.

பணம் கொட்டி விளம்பரம் செய்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு வாக்களிப்பதுதான் பழைய வழக்கம். இறுதிச் சுற்றில் ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவரே அப்பிரிவில் வாக்களிக்கலாம் என்று ஆஸ்கர் 2025இல்தான் விதி கொண்டுவந்தது. சிறிய விழா நடத்துபவர்கள் இதைச் செலவில்லாமல் செய்யலாம். படங்களை நடுவர்களுக்கு வெவ்வேறு வரிசையில் கொடுங்கள், ஒரு நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், கூட்டத்துக்கு முந்தைய நாளே மதிப்பெண் தாளை வாங்கிவிடுங்கள். பார்க்காத படத்துக்கு எதிரே ‘பார்க்கவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத தாளில், பார்க்காத படத்துக்கு விழுவது பூஜ்ஜியம்.